பின் சீட்டில் தூங்குகிறவர்கள்

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பார்லிமென்ட் கூடியது. சபை நடந்த இடம், காரமடையில் எங்கள் வீட்டுத் திண்ணை. உறுப்பினர்கள் ஐந்து பேர். அம்மா, நான், என் மனைவி, பிளஸ் ஒன் படிக்கிற மகள், எட்டாவது படிக்கிற மகன். பொருள்: அரையாண்டு லீவுக்கு ஹைதராபாத் போவது. போவதா, வேண்டாமா என்பதில் சிக்கலே இல்லை. அந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. எதில் போவது என்பதில்தான் தகராறு. காரிலா, விமானத்திலா?

'ஊரே ஊட்டிக்கு வருது, நீங்க எங்கய்யா கிளம்பிட்டீங்க?' என்று நீங்கள் கேட்கலாம். மேட்டுப்பாளையம் ரோட்டில் குடியிருந்து பாருங்கள், தெரியும். கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற கார்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். சீசன் நேரத்தில் எதிர்ப்பக்கத்து மளிகைக் கடையில் கடுகு வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், அடுப்பில் வைத்த எண்ணெய் தீய்ந்துவிடும். கூட்டம் தாங்காமல்தான் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டே உத்தரவு போட்டது. அதனால் லீவு என்றால் எங்களுக்கு மலைக்கு எதிர்த் திசை.

'ரயில் என்ன ஆச்சு?' அதையும் கேட்பீர்கள். ரயில்வேயில் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு. எனக்கு அந்த ஞானம் வந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் பல்லை இளித்தது. ஆக, காரா விமானமா?

மகன் எழுந்து நின்றே பேசினான். "ஃப்ளைட்டுதான். என் கிளாஸ்ல பாதிப் பேரு போயிட்டானுங்க." அதற்கு மேல் அவனிடம் வாதம் இல்லை. பதின்மூன்று வயதில் அதுவே பெரிய வாதம்.

மகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வருமாம். போக வர 1,900 கிலோமீட்டர், நம் கார் லிட்டருக்கு 15 என்று வைத்தால் மொத்தம் 290 கிலோ. ஐந்து பேரும் ஒரே காரில் போனால் ஆளுக்கு 58 கிலோ. விமானத்தில் ஆளுக்கு இதைவிடக் கூடுதல்தான் ஆகும். "இதுக்கான பில்லை நாங்கதாம்ப்பா கட்டோணும்" என்றாள். நியாயமான பேச்சு. 'நீ எப்போது இவ்வளவு வளர்ந்தாய்?' என்று பார்த்தேன்.

அம்மாவுக்குப் புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படவில்லை. "வேண்டாஞ் சாமி. அந்த ஆமதாபாத்துல உழுந்துச்சே, மறந்துட்டயா?" என்றார். 2025 ஜூன் 12. அகமதாபாத்தில் கிளம்பிய சில நொடிகளில் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்ததே, அந்த விமானம். உள்ளே இருந்த 242 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். கீழே இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் போய்விட்டார்கள். அந்த வாரம் முழுக்க அம்மா டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். "மேல இருக்கறப்ப என்னத்த புடிச்சுக்கறது, சொல்லு?" இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மனைவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. "எதுன்னாலும் சரிங்க. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க." இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நான் காரின் பக்கம். பி.காம் படித்தவன் வேறு எந்தப் பக்கம் இருப்பான்? பேப்பரை எடுத்துப் போட்டேன் கணக்கு. காரில் போனால் பெட்ரோலுக்குப் பதின்மூவாயிரம், டோலுக்கு ஒரு மூவாயிரம். விமானம் என்றால் லீவு சீசனில் போக வர ஆளுக்குப் பத்தாயிரம், ஐந்து பேருக்கு ஐம்பதாயிரம். அங்கே இறங்கி சார்மினார், கோல்கொண்டா, ஃபிலிம் சிட்டி என்று சுற்றுவதற்கு டாக்ஸி தனி. வித்தியாசம் நாற்பதாயிரத்துக்கும் மேல். நேரம்? வீட்டு வாசலில் இருந்து ஹோட்டல் வாசலுக்கு விமானத்தில் ஆறு மணி நேரம், காரில் பதினாறு. "ஒரு ராத்திரி ஓட்டினா போச்சு. சாப்பிட்டுட்டு ஏழு மணிக்குக் கிளம்பினா காலையில பதினோரு மணிக்கு ஹைதராபாத்" என்றேன்.

கணக்கு கச்சிதம். சபை கலைந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அம்மாவின் பயத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்துத் துறையே வெளியிட்ட எண்ணிக்கை. 365ஆல் வகுத்துப் பாருங்கள். நாளைக்கு 460 பேருக்கு மேல். அகமதாபாத்தில் ஒரு மத்தியானம் போன உயிர்களைவிட அதிகம், தினம் தினம், ஞாயிறு லீவுகூட இல்லாமல். ஆனால் அதற்காக எந்த சேனலும் ஒரு வாரம் அழவில்லை. தினசரியில் ஆறாம் பக்கத்தில் நாலு வரி. பத்திரிகைக்காரன் நானே அப்படிப்பட்ட நாலு வரிச் செய்திகளை எத்தனையோ எழுதிப் போட்டிருக்கிறேன்.

'ரோட்டில் போகிறவர்கள் கோடிக்கணக்கில். விமானத்தில் போகிறவர்கள் அதில் துளி. இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்?' என்று நீங்கள் மடக்கலாம். சரியான மடக்கல். அதனால்தான் நிபுணர்கள் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, கடந்த தூரத்துக்கு எத்தனை உயிர் என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் விமானம் எங்கோ உயரத்தில் நிற்கிறது, கார் கிட்டேகூட வர முடியாது.

பயம் தப்பான பக்கம் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அங்கே நிறையப் பேர் விமானத்துக்குப் பயந்து காரில் போக ஆரம்பித்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் அறிஞர் கெர்ட் கிகெரென்சர் அடுத்த பன்னிரண்டு மாதக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். அப்படிக் காருக்கு மாறியதால் ரோட்டில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்பது அவர் மதிப்பீடு. அந்த நான்கு விமானங்களிலும் போன பயணிகளைப்போல பல மடங்கு. அவர்களுக்கு எந்த நினைவுத் தூணும் இல்லை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் திண்ணையில் காருக்கு வாதாடினேன். ஏன்?

நாற்பதாயிரம் ரூபாய் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அடியில் வேறொன்று இருக்கிறது. காரில் ஸ்டியரிங் என் கையில். விமானத்தில் யாரோ ஒரு கேப்டன், முகம்கூடத் தெரியாது. 'என் கையில் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது' என்று உள்ளுக்குள் ஒரு குரல். உங்களுக்கும் இருக்கும். டிரைவர் ஓட்டும்போது எண்பதிலேயே உயிர் போகிறது, நாம் ஓட்டும்போது நூற்றிருபதில் பாட்டு கேட்கிறது.

சான்சி ஸ்டார் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1969லேயே இதை எழுதிவிட்டார். ஒரு ஆபத்தை மனிதன் தானாக விரும்பி ஏற்றுக்கொள்கிறான் என்றால், அடுத்தவன் தன் மேல் சுமத்துகிற ஆபத்தைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரைகூடச் சகித்துக்கொள்கிறானாம். சிகரெட்டை ஊதிக்கொண்டே பக்கத்து ஃபேக்டரியின் புகைக்கு எதிராகக் கொடி பிடிக்கிறோமே, அந்தக் கதைதான்.

சரி, இப்போது என் காருக்குள் வாருங்கள். ஐந்து சீட். வண்டி ஒன்று, ரோடு ஒன்று, வேகம் ஒன்று, ஆபத்தும் ஒன்றுதான். ஆனால் டிரைவர் சீட்டில் இருக்கிற எனக்கு அது நானாக விரும்பி ஏற்ற ஆபத்து. பின் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்குகிற என் மகனுக்கு? அவன் எதை ஏற்றுக்கொண்டான்? ஸ்டியரிங் எனக்குத் தருகிற தைரியம் என்னோடு நின்றுவிடுகிறது. ஆபத்து மட்டும் ஐந்து பேருக்கும் சரிசமமாகப் பங்கு.

எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இப்போது சொல்கிறேன்.

2019 டிசம்பர். பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் முடிந்து திரும்புகிறோம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஆபீஸில் இதழ் முடிக்கிற வேலை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வந்தது. விபத்துக்குப் பெயர் போன இறக்கம் என்று ஊருக்கே தெரியும். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கியரைக் குறைத்து, லாரிகளுக்கு வழிவிட்டு, ரொம்ப ஜாக்கிரதையாக இறங்கினேன். சேலம் தாண்டியது. 'அப்பாடா' என்று முதுகைச் சாய்த்தேன்.

சங்ககிரிக்குப் பக்கம். நேரான ரோடு, வளைவில்லை, மேடு பள்ளமில்லை. மணி மூன்றே முக்கால் இருக்கும்.

அடுத்து என் நினைவில் இருப்பது ஒரு ஏர் ஹாரன். பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்தால் கார் நடுத்திட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஸ்பீடோமீட்டர் தொண்ணூறைக் காட்டுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. லாரிக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாக ஏதோ கத்தினார். என்ன சொல்லியிருந்தாலும் அதற்கு நான் தகுதியானவன்தான்.

எத்தனை நொடி தூங்கினேன்? மூன்று? நான்கு? தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி என்றால் நூறு மீட்டர். ஒரு ஃபுட்பால் மைதானத்தின் நீளத்தை, நான்கு உயிர்களை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி கடந்திருக்கிறேன்.

பவானி பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மனைவி முழித்துக்கொண்டு, "ஏனுங்க, நின்னுட்டீங்க?" என்றாள்.

"டீ குடிக்கலாம்னு" என்றேன்.

இரண்டே வார்த்தை. ஆறு வருடமாக அந்த இரண்டு வார்த்தையைத்தான் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் கொடைக்கானல் போனோம், ராமேஸ்வரம் போனோம், திருச்செந்தூர் போனோம். ஒவ்வொரு முறையும் அவர்கள் பின்னால் நிம்மதியாகத் தூங்கினார்கள். நான் ரொம்ப நல்ல டிரைவர் என்பது எங்கள் குடும்பத்தில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். சொந்தக்காரர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வார், "எம்பையன் ஓட்டுனா அலுங்காது."

பி.காமில் எங்களுக்கு 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். யாரோ வாங்கிய லோனுக்கு கம்பெனி ஜாமீன் போட்டிருக்கிறது, அல்லது கோர்ட்டில் ஒரு கேஸ் ஓடுகிறது. இன்றைய தேதிக்கு ஒரு பைசா பாக்கியில்லை. ஆனாலும் பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்பாக அதைப் போட்டே ஆக வேண்டும். ஏன் என்றால், பணம் போடுகிறவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. போடாமல் மறைத்தால் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தாலும் அது பொய்க் கணக்கு.

திண்ணையில் நான் போட்ட கணக்கு அப்படிப்பட்டதுதான். பெட்ரோல் சரி, டோல் சரி, சங்ககிரி மட்டும் இல்லை. 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்று மனைவி சொன்னது, குறிப்பு இல்லாத பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துப் போட்ட கையெழுத்து.

வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்ற அதிகாரத்தைத் தொடங்குவதே லாப நஷ்டக் கணக்கில்தான். என்ன போகும், என்ன வரும், கடைசியில் என்ன மிஞ்சும் என்று பார்த்துவிட்டு இறங்கு என்கிறார். எங்களைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்கு அந்த முதல் குறளைப் பிடிக்கும். அடுத்த குறளை நாங்கள் வேகமாகத் தாண்டிவிடுவோம். அது, வேண்டியவர்களோடு உட்கார்ந்து கலந்து யோசிக்கச் சொல்கிறது. கலந்து யோசிப்பது என்றால் தெரிந்ததை எல்லாம் நடுவில் வைக்க வேண்டுமே!

விமானத்தைப் பற்றி யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத கேப்டன் என்று நான் சந்தேகப்பட்டேனே, அவருக்கு எத்தனை கட்டுகள்! எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிளம்பும் முன் ஊதிக் காட்ட வேண்டும். பக்கத்தில் இன்னொரு பைலட் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு ஏன், நம் ஊர் பஸ், லாரி டிரைவருக்கே சட்டம் உண்டு. 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றது. அது ஒழுங்காக நடந்ததா என்பது வேறு கதை. சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மீறினால் கேட்கலாம்.

குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பதினாறு மணி நேரம் ஓட்டுகிற அப்பாவுக்கு எந்தச் சட்டமும் இல்லை. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்க ஆளில்லை. அவனைச் சோதிக்கக்கூடிய ஒரே அதிகாரி அவனேதான். அந்த அதிகாரி எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியும். லஞ்சம் வாங்குகிறவர். நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம், 'நல்ல டிரைவர்' என்ற பெயர்... இது போதும், பாஸ் போட்டுவிடுவார்.

ரங்கநாதர் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துதான் இந்தக் காரையும் எடுத்தேன். பழம் டயருக்கு. டிரைவரின் கண்ணுக்கு எதை வைப்பது?

இன்னொருவரையும் சொல்லாமல் விட்டால் தப்பு. 2022ல் ரோட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் டூ வீலரில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். எங்கள் பக்கம் கறிவேப்பிலை விவசாயம் அதிகம். விடிகாலையில் கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலையை மொபெட்டில் வைத்து, முன்னாலும் பின்னாலும் பச்சை மறைக்க, அன்னூர் ரோட்டில் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். அந்த நாலு நொடியில் என் முன்னால் அவர் வந்திருந்தால்? எங்கள் திண்ணை பார்லிமென்ட்டில் அவருக்கு ஓட்டு இல்லை. என் மகள் சொன்ன கார்பன் கணக்கும் இப்படித்தான். இனிமேல் பிறக்கப் போகிறவர்கள் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து பேச முடியாது. காரோ, விமானமோ, நாம் எடுக்கிற முடிவின் பில்லில் ஒரு பகுதி, அறையில் இல்லாத யாருக்கோ போகிறது. அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சபையைக் கூட்டினேன். இந்தக் கட்டுரையை எழுதி, அவர்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வது போன்ற அசிங்கம் வேறில்லை என்று தோன்றியது. சங்ககிரி, லாரி ஹாரன், டீக்கடை எல்லாவற்றையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தண்டவாளத்தில் மேட்டுப்பாளையம் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?" மகள்தான் கேட்டாள்.

'பயந்துடுவீங்கன்னு' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அது உண்மையில்லை. அவர்கள் பயப்படுவார்கள் என்பது பாதிதான். மறுபடி என் கையில் ஸ்டியரிங்கைத் தர மாட்டார்கள் என்பது மீதி. "தெரியல கண்ணு" என்றேன். அதுவும் முழு உண்மையில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

அம்மா என் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். "உங்கப்பாரு மேட்டுப்பாளையம் சந்தைக்கு வண்டியோட்டிட்டுப் போயிட்டு, ராத்திரி திரும்பி வரப்ப வண்டியிலயே தூங்கீருவாரு. மாடு தானா ஊட்டுக்கு வந்துரும். மனுசன் தூங்குனா மாடு முழிச்சிருக்கும். உன்ற வண்டியில யாரு முழிச்சிருக்கறா?"

அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கும் லைசென்ஸ் இருக்குதுங்க."

இருக்கிறது. பத்து வருடமாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் கோயமுத்தூருக்கும் அவள்தான் ஓட்டிக்கொண்டு போவாள். ஹைவே என்று வந்தால் மட்டும் நான் சாவியைக் கையில் எடுத்துவிடுவேன். அவளாகக் கேட்டதில்லை, நானாகக் கொடுத்ததுமில்லை. 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குப் புரிந்தது. பத்து வருடமாக நான்தான் அதைப் பழக்கியிருக்கிறேன்.

கடைசியில் முடிவு இப்படி ஆனது. காரிலேயே போவது. ஆனால் ராத்திரி ஓட்டுவதில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவது, முதல் நாள் பெங்களூரில் சித்தப்பா வீட்டில் தங்குவது, இரண்டாம் நாள் ஹைதராபாத். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டிரைவர் மாற வேண்டும். யாருக்குக் கண் சொருகினாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதில் வெட்கம் கூடாது. லீவில் இரண்டு நாள் ரோட்டிலேயே போகும் என்று மகன் முனகினான். அவன் காலேஜ் சேருகிற வருடம் ஃப்ளைட்டில் கூட்டிப்போவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் விட்டான்.

விமானம்தான் சரி என்று உங்கள் வீட்டில் முடிவானால் அதில் ஒரு தப்பும் இல்லை. உயிருக்கு அதுதான் பத்திரம் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். பணமும் கார்பனும் வேறு பக்கம் இழுக்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அடுத்த தடவை உங்கள் வீட்டுத் திண்ணையில் கணக்குப் போடும்போது, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்ககிரி இருக்கிறதா என்று பாருங்கள். பார்வை ராத்திரியில் கொஞ்சம் மங்குகிறதா? சுகர் மாத்திரை போட்டால் அசத்துகிறதா? டயர் தேய்ந்துபோய் 'இந்த ஒரு ட்ரிப் தாங்கும்' என்று மெக்கானிக் சொன்னாரா? எதுவானாலும் எடுத்து நடுவில் வையுங்கள். அதற்கப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து எடுக்கிற முடிவு தப்பாகப் போனாலும், அது எல்லோருடைய முடிவு. மறைத்துவிட்டு எடுத்த முடிவு சரியாகப் போனாலும், அது திருட்டுத்தான்.

டிசம்பர் கடைசியில் போய்விட்டு வந்தோம். பெங்களூரைத் தாண்டி இரண்டாவது நாள் காலையில் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மகளை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, நான் பின் சீட்டில் அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். என் காரில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது. முன்னால் போகிற லாரி ரொம்பக் கிட்டத்தில் தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. "மெதுவா... மெதுவா" என்றேன். எண்பதுதான் என்றாள். அனந்தபூர் வரைக்கும் இப்படியே வந்தேன். மகன் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டான். அம்மா மட்டும் என் கை மேல் தன் கையை வைத்து, "பேசாம இரு கண்ணு. அவ நல்லாத்தான் ஓட்டறா" என்றார்.

இத்தனை வருடமும் இவர்கள் இங்கே உட்கார்ந்துதான் என்னை நம்பித் தூங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய காரியம் அது! ஸ்டியரிங் பிடிக்கிறதைவிடக் கஷ்டமான காரியம்.

டீக்கடையில் நிறுத்தி, ஆள் மாறி, மறுபடி மாறினோம். கர்னூல் தாண்டியதும் நானும் தூங்கிவிட்டேன்.